முடிந்துபோன ட்ராக்குக்குள் ஒரு கிட்டார்

நான்கு நிமிடம் 12 விநாடி ஓடும் ஒரு கருவியிசை ட்ராக்கில் அக்கூஸ்டிக் கிட்டார் பகுதி ஒன்றைச் சேர்க்கும் வேலை, ஐந்து வாரங்களுக்குப் பிறகு நேற்று இரவுதான் கைகூடியது. ஆன நேரம் 31 மணி. ஒவ்வொரு நாளும் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஏறத்தாழ 19 மணி நேரம், சுருதி பிசகிய ஒரு பதிவை ஈக்யூவாலும் (ஓசையின் தனித்தனி அலைவரிசைப் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) கம்ப்ரஸராலும் (உரத்த இடங்களைத் தானாகவே தணிக்கும் கருவி) தேற்ற முயன்றதிலேயே போயிற்று. கிட்டார் ஏன் ஒட்டவில்லை என்பதற்கான விடை முதல் நாளே ஓர் எண்ணாக என் கண்முன் இருந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. இதே வேலையைத் தொடங்கவிருப்பவருக்கு அந்த எண் உதவும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ட்ராக் நண்பர் ஒருவருடையது. பியானோ, பேஸ், டிரம்ஸ், பின்னால் ஸ்ட்ரிங்ஸ், மேலே புல்லாங்குழல். சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் இதை மிக்ஸ் செய்து, இறுதி மெருகேற்றலான மாஸ்டரிங்கும் முடித்துவிட்டார். பிறகு ஹார்ட் டிஸ்க் பழுதானதில் தனித்தனித் தடங்கள் எல்லாம் அழிந்துபோய், ஒரே ஒரு ஸ்டீரியோ கோப்பு மட்டும் மிஞ்சியது. ஆகவே பியானோவை மட்டும் சற்றுக் குறைப்பதோ, ஸ்ட்ரிங்ஸை ஓரமாக ஒதுக்குவதோ இயலாது. 33-ஆவது பாரில் (பார் என்பது நான்கு துடிப்பு கொண்ட ஒரு தாளச் சுற்று), அதாவது 1 நிமிடம் 23 விநாடியில் தாளம் விரியும் இடத்திலிருந்து கிட்டார் உள்ளே வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கும் அந்த இடம் கிட்டாருக்காகவே காத்திருப்பதுபோலத் தோன்றியது.

முதல் வேலையாக, ரிக்கார்டிங் மென்பொருளில் ட்ராக்கை இறக்கித் தாளக் கட்டத்தைப் பொருத்தினேன். வேகம் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 துடிப்பு) என்று நண்பர் சொல்லியிருந்தார். 92 என்று வைத்தால் எட்டு பார் கடப்பதற்குள் மெட்ரோனோம் 140 மில்லிவிநாடிக்கு மேல் பிந்திவிடுகிறது. முதல் பாரின் முதல் கிக் டிரம் அடியையும் கடைசி பாரின் முதல் அடியையும் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டும் கட்டத்தில் சரியாக உட்காரும்வரை எண்ணை மாற்றியதில் 92.64 வந்தது. அதன் பிறகு முதலிலிருந்து கடைசிவரை மெட்ரோனோம் பிசகவே இல்லை. வேலை முடிந்தது என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். முழு எண்ணாக இருக்க வேண்டிய வேகம் எதனால் 0.64 கூடியது என்று அப்போது ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வாசிக்க வேண்டிய பகுதி. ட்ராக் ஈ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி டி மேஜர் வடிவங்களை வாசிப்பதே கைக்கு எளிது என்பதால், ஆறு தந்திகளையும் தழுவும் அகன்ற ஸ்ட்ரம்மிங்காகப் பழகினேன். தனியாகக் கேட்கும்போது அது நிறைவாக ஒலித்தது. ட்ராக்கோடு சேர்த்துக் கேட்டால், பியானோவின் இடது கை வாசிக்கும் அதே மண்டலத்தில், ஏறத்தாழ 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேறாகக் குழம்பின. இங்கே ஈக்யூவுக்கு ஓடாமல் வாசிப்பையே மாற்றியது, இந்தத் திட்டத்தில் நான் தொடக்கத்திலேயே சரியாகச் செய்த ஒரே காரியம். கேப்போவை ஆறாவது ஃபிரெட்டுக்கு ஏற்றி, ஏ மேஜர் வடிவங்களைப் பிடித்து, மேல் நான்கு தந்திகளை மட்டும் விரல்களால் மீட்டினேன். அப்போது கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே 200 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கும். பியானோவுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே இருந்த காலியிடம் அதுதான். ஈக்யூவில் எத்தனை டெசிபல் வெட்டினாலும் கிடைக்காத தெளிவு, கேப்போவை ஐந்து ஃபிரெட் தள்ளியதில் கிடைத்தது.

பதிவுக்குப் பயன்படுத்தியவை: சிறிய டயஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக் ஒன்று, இரண்டு உள்ளீடுகள் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்போன். புதிதாக வாங்கியது 0.012 அளவுத் தந்தி செட் ஒன்று மட்டுமே. பதிவுக்கு முந்தைய நாள் மாற்றினேன். அன்றே மாற்றினால் ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ட்ராக் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்ததால் ப்ராஜெக்ட்டையும் அதே அளவில், 24 பிட்டில் திறந்தேன். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் உடல் அதிர்வு ‘பூம்’ என்று முழங்கியது. 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தபோது கிட்டாரைவிட அறையே அதிகமாகக் கேட்டது. பெட்டிக்குள் வாசித்தது போன்ற அந்தச் சிற்றறை ஓசை, ட்ராக்கில் ஏற்கெனவே இருக்கும் அகன்ற வெளிக்கு முற்றிலும் அந்நியமாக இருந்தது. கடைசியில் கழுத்தும் உடலும் சேரும் இடத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில், முனை சற்றே உடலின் பக்கம் திரும்பியவாறு நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். உச்ச அளவு முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி உள்ளீட்டை வைத்தேன். 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

இங்கேதான் முதல் பிசகு நேர்ந்தது. பழகுவதற்காக நண்பர் ஓர் எம்பி3 அனுப்பியிருந்தார். அவரிடமிருந்து சுருக்கப்படாத வேவ் கோப்பு வரும்வரை காத்திராமல் அந்த எம்பி3-ஐ வைத்தே பதிவும் செய்துவிட்டேன். வேவ் வந்ததும் அதே இடத்தில் அதை வைத்து எம்பி3-ஐ நீக்கினேன். மறுநாள் கேட்டபோது கிட்டார் எங்கும் சற்றுப் பின்னால் இழுத்தது. என் விரல்தான் தாமதிக்கிறது என்று நம்பி, இரண்டு மாலைகள் மறுபடி மறுபடி பயிற்சி செய்தேன். பின்னர் இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்த தடங்களில் வைத்து முதல் கிக் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: எம்பி3 வடிவம் 1,105 சாம்பிள் (ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள்) பிந்தியிருந்தது. எம்பி3-ஆக மாற்றும் லேம் நிரல் தொடக்கத்தில் 576 சாம்பிள் வெற்றிடம் சேர்க்கிறது. அதை மீண்டும் விரிக்கும்போது இன்னொரு 529 சேர்கிறது. சில மென்பொருள்கள் இதைத் தாமே கழித்துவிடும், என்னுடையது கழிக்கவில்லை. கணக்கிட்டால் 25 மில்லிவிநாடி. ட்ராக்கின் வேகத்தில் கால் துடிப்பு ஒன்றின் நீளமே 162 மில்லிவிநாடிதான். அதில் 25 என்பது காது உடனே கண்டுகொள்ளும் தாமதம். ஒரு கோப்பின் ஒலியலையைத் தலைகீழாக்கி, சாம்பிள் சாம்பிளாக நகர்த்தி, இரண்டும் ஒன்றையொன்று அடித்து ஓசை மிகவும் அடங்கும் புள்ளியைப் பிடித்து இந்த அளவை உறுதி செய்தேன். கிட்டார் பதிவு முழுவதையும் அவ்வளவு முன்னால் தள்ளியதும் லயம் சேர்ந்தது.

லயம் சேர்ந்தும் கிட்டார் ஒட்டவில்லை. ட்ராக்கின்மேல் தனியாக ஒட்டிய காகிதம்போல அது துருத்திக்கொண்டு நின்றது. அளவைக் குறைத்தால் மறைந்துபோகும். ஒரு டெசிபல் ஏற்றினால் உறுத்தும். நடுவில் பொருந்தும் நிலை என்று ஒன்று இல்லவே இல்லை. குற்றம் ஓசையின் தன்மையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். 240-இல் மூன்று டெசிபல் இறக்கினேன். 3 கிலோஹெர்ட்ஸை ஏற்றினேன், பிறகு இறக்கினேன். கம்ப்ரஸரை மாற்றி மாற்றி வைத்தேன். நாள்தோறும் இரவில் சரியாகிவிட்டதுபோல் தோன்றி, காலையில் பழைய உறுத்தலே கேட்டது. இப்படியே 19 மணி நேரம்.

காரணம் பிடிபட்டது தற்செயலாக. 65-ஆவது பாருக்குச் சற்று முன்னால், மற்ற எல்லாம் அடங்கி ஸ்ட்ரிங்ஸ் மட்டும் பி ஃபிளாட் ஸ்வரத்தில் இரண்டு பார் நீண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. கிட்டாரின் முதல் தந்தியை ஆறாவது ஃபிரெட் கேப்போவோடு திறந்து மீட்டினாலும் அதே பி ஃபிளாட்தான், 466 ஹெர்ட்ஸ். கிட்டார் ஸ்வரம் அந்த ஸ்ட்ரிங்ஸ் மேல் விழுந்ததும் ஓசை விநாடிக்கு மூன்று முறை வீங்கி அடங்கிற்று. ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரை மெதுவாக வைத்துக் கேட்டேன்: வொவ், வொவ், வொவ் என்று தெளிவான அலைவு. இரண்டு ஸ்வரங்கள் சில ஹெர்ட்ஸ் விலகி நிற்கும்போது மட்டுமே எழும் அலைவு அது. ட்ராக்கிலிருந்து அந்த இரண்டு பாரை மட்டும் வெட்டி ட்யூனரில் காட்டினேன். முள் 12 சென்ட் கூடுதல் என்று காட்டி அசையாமல் நின்றது.

ஒரு முழு செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டுகளின் இடைவெளி) என்பது 100 சென்ட். 12 சென்ட் என்பதைத் தனித்தனியாகக் கேட்டால் எவரும் தவறென்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் அது சுருதிப் பிழையாகக் காதில் படாமல் ‘ஒட்டவில்லை’ என்ற உணர்வாகவே இருந்துகொண்டிருந்தது. நண்பரைக் கேட்டேன். மாஸ்டரிங்குக்கு முன்னால் பாட்டு கொஞ்சம் இழுக்கிறது என்று தோன்றியதால், டேப்பை வேகமாக ஓட்டுவதுபோல முழுக் கோப்பையும் சற்றே விரைவுபடுத்தினாராம். அப்படிச் செய்தால் வேகத்தோடு சுருதியும் ஏறும். 92.64-ஐ 92-ஆல் வகுத்தால் 1.00696, அந்த விகிதம் சரியாக 12 சென்ட். முதல் நாள் நான் கண்டுபிடித்த அந்தப் பின்ன எண், சுருதி ஏறியிருப்பதை அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது.

பதிவு செய்த கிட்டாரையே மென்பொருளில் 12 சென்ட் ஏற்றிப் பார்த்தேன். சுருதி சேர்ந்தது, ஆனால் நகம் தந்தியைத் தொடும் அந்த முதல் நொடியின் கூர்மை மழுங்கி, பஞ்சில் தட்டியதுபோல ஆகிவிட்டது. விரலால் மீட்டும் பகுதியில் அந்தத் தொடுகைதான் உயிர். எனவே மறுபதிவு என்று தீர்மானித்தேன். ட்யூனரின் அடிப்படையை, ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்பதிலிருந்து 443-க்கு மாற்றினேன். 443 என்பது 440-க்கு ஏறத்தாழ 12 சென்ட் மேல், இங்கே எண் பொருந்தி வந்தது. கேப்போ தந்தியை அழுத்தும்போதே சுருதி சற்று ஏறும், அதுவும் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வோர் அளவில் ஏறும் என்பதால், கேப்போவை மாட்டிய பிறகே சுருதி சேர்த்தேன். எட்டு பாருக்கு ஒருமுறை நிறுத்திச் சரிபார்த்தேன். இரண்டரை மணி நேரத்தில் முழுப் பகுதியும் முடிந்தது. எந்த ஈக்யூவும் போடாமல் ஒலியளவை மாற்றும் ஃபேடரை மட்டும் ஏற்றியபோது, பி ஃபிளாட் வரும் இடத்தில் ஸ்ட்ரிங்ஸும் கிட்டாரும் ஒரே மூச்சாக இழைந்தன. அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிந்தைய மிக்ஸிங் வேலைகளுக்கு முந்தைய 19 மணியில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ட்ராக் ஏற்கெனவே மாஸ்டரிங் முடிந்த ஒன்று. அதன் உச்சம் முழு அளவுக்கு 0.3 டெசிபல் மட்டுமே கீழே இருந்தது. அதன்மேல் எதைச் சேர்த்தாலும் வழியும். முன்பு இதைக் கவனிக்காமல் மாஸ்டரில், அதாவது இறுதி வெளியீட்டில், உச்சத்தை எல்லை மீறவிடாத லிமிட்டர் ஒன்றைப் போட்டிருந்தேன். கிட்டார் உரக்க வரும்போதெல்லாம் கிக் டிரம் சுருங்கிப்போயிற்று. இம்முறை லிமிட்டரை எடுத்துவிட்டு ட்ராக்கையே 8 டெசிபல் இறக்கினேன்.

கம்ப்ரஸருக்கு முன்னால், தனித்து உரக்க விழுந்த ஸ்வரங்களைக் கையாலேயே ஒவ்வொன்றாக இரண்டு மூன்று டெசிபல் குறைத்தேன். 64 பாருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் விடமாட்டேன். ஏற்கெனவே இறுக்கப்பட்ட ட்ராக்கின்மேல் ஏற்ற இறக்கம் நிறைந்த கிட்டார் நிலைகொள்ளாது. முழுச் சுமையையும் கம்ப்ரஸர்மேல் போட்டால் அது மூச்சு வாங்குவது கேட்கும். கைவேலைக்குப் பின் 3:1 விகிதம், 25 மில்லிவிநாடி அட்டாக் (உரப்பைத் தணிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்), அதிகபட்சம் 4 டெசிபல் குறைப்பு போதுமானதாக இருந்தது. ஈக்யூவில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும், 240-இல் இரண்டு டெசிபல் இறக்கியதும் மட்டுமே நிலைத்தன.

ட்ராக்கிலும் ஒரு சிறு இடம் திறந்தேன். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே அகலமாக இரண்டு டெசிபல் இறக்கியபோது கிட்டாரின் விரல் தொடுகை முன்னால் வந்தது. ஆனால் ஸ்நேர் டிரம்மின் கூர்மையும் கூடவே போனது. எனவே அந்த இறக்கத்தை டைனமிக் ஈக்யூவுக்கு மாற்றி, கிட்டார் ஒலிக்கும்போது மட்டும், அதுவும் ஸ்டீரியோவின் நடுப்பகுதியில் மட்டும் செயல்படும்படி வைத்தேன். கிட்டார் மீட்டாத இடைவெளிகளில் ட்ராக் தன் பழைய பளபளப்போடு நிற்கிறது.

ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) பொருத்தியதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுருதிக்கு அடுத்தபடியாகக் கிட்டாரை ட்ராக்கோடு சேர்த்தது அதுதான். 65-ஆவது பாரின் முதல் அடியில், ஸ்ட்ரிங்ஸ் அறுந்ததும், ஸ்நேர் ஒன்று ஓங்கி விழுந்து, பிறகு அந்த பார் முழுதும் மௌனம். 2.6 விநாடி மௌனத்தில் அந்த ஸ்நேரின் எதிரொலி மட்டும் தேய்ந்து அடங்குகிறது. நண்பர் பயன்படுத்திய வெளி எப்படிப்பட்டது என்பதை ட்ராக்கே காட்டும் ஒரே இடம் அது. அதை மட்டும் வெட்டிச் சுழலவிட்டேன். தந்திகளை உள்ளங்கையால் அடக்கி ‘டக்’ என்று ஒரு தட்டு பதிவு செய்து, என் ரிவெர்ப்புக்கு அனுப்பி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். என் ரிவெர்ப் முதலில் 3 விநாடி நீண்டது, மேலும் மிகப் பளிச்சென்று இருந்தது. 1.9 விநாடிக்குக் குறைத்தேன். ட்ராக்கில் உள்ள எதிரொலியின் வாலோ இருண்ட நிறம் கொண்டது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டியதும் நிறம் நெருங்கியது. கீழே 200-இல் வெட்டினேன். நேரடி ஓசைக்கும் ரிவெர்ப் தொடக்கத்துக்கும் இடையே 20 மில்லிவிநாடி விட்டபோது கிட்டார் தெளிவு குறையாமல் அதே அறைக்குள் போய் உட்கார்ந்தது. இந்த அமைப்புக்கு 40 நிமிடம் ஆயிற்று. முன்பெல்லாம் முன்னமைவுகளின் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடி இதைவிட அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன்.

அகலம் தேடியதில் இன்னொரு பிழை. ஒரே டேக்கை நகலெடுத்து, ஒன்றை இடமும் 12 மில்லிவிநாடி தாமதித்த மற்றொன்றை வலமும் வைத்தேன். ஹெட்போனில் அழகாக விரிந்தது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் போட்டதும் கிட்டார் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல வெறுமையாகிப் போயிற்று. இரண்டு தடங்கள் ஒன்றாகச் சேரும்போது 12 மில்லிவிநாடி தாமதம் ஏறத்தாழ ஒவ்வொரு 83 ஹெர்ட்ஸ் இடைவெளியிலும் ஓசையைச் சீப்புப் பல்போலக் குடைந்துவிடுகிறது. நகலை நீக்கினேன். பியானோ சற்று இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் கிட்டாரை வலப்பக்கம் 35 விழுக்காடு தள்ளினேன். கடைசி 16 பாருக்கு மட்டும் உண்மையாகவே இரண்டாம் முறை வாசித்துப் பதிந்து இடப்பக்கம் வைத்தேன். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்காது என்பதால் இரு பக்கமும் ஒன்றாகச் சேரும் மோனோவிலும் அது குலையவில்லை.

கிட்டாரின் அளவை, பக்கத்தில் பேசுபவர் குரலைவிடத் தணிந்த ஓசையில், மோனோவில் கேட்டு முடிவு செய்தேன். மறுநாள் காலையில் ஒன்றரை டெசிபல் குறைத்தேன்; நானே வாசித்ததை நானே மிக்ஸ் செய்யும்போது இந்தத் திருத்தம் எப்போதும் ஒரே திசையில்தான் வருகிறது. பழைய ட்ராக்கோடு ஒப்பிடும்போதெல்லாம் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டேன். அரை டெசிபல் உரக்க இருப்பது எதுவானாலும் காது அதைத்தான் நல்லதென்று சொல்லும். கடைசியாக ஒரு லிமிட்டர், உச்சம் முழு அளவுக்கு ஒரு டெசிபல் கீழே, அதிகபட்சம் இரண்டு டெசிபல் மட்டும் தொடும்படி.

அடுத்த முறை ட்ராக் கைக்கு வந்ததும் வேவ் கோப்பைக் கேட்டு வாங்கும்வரை எதையும் பதிவு செய்யமாட்டேன். நீண்டு நிற்கும் ஸ்வரம் ஒன்றைக் கண்டுபிடித்து ட்யூனரில் காட்டிய பிறகே கிட்டாரை உறையிலிருந்து எடுப்பேன். வேகம் பின்ன எண்ணாக வந்தால், டிரம்ஸ் கையால் வாசிக்கப்படாதவரை, சுருதியைச் சந்தேகிப்பேன். மைக்கிலிருந்து இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விலகி உட்காருவேன். 58-ஆவது பாரில் கேட்கும் என் மூச்சொலியை எதுவும் செய்ய இயலவில்லை. 71 முதல் 74 வரையிலான நான்கு பார்களில் புல்லாங்குழலும் கிட்டாரின் மேல்தந்தியும் ஒரே ஸ்வரத்தில் மோதுகின்றன. அங்கே ஃபேடரை இரண்டு டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். மறைக்கிறதே தவிரத் தீர்க்கவில்லை. அந்த நான்கு பாருக்கு மட்டும் வேறு பிடி ஒன்றை எழுதி, இதே மைக் நிலையில், ஏ 443-இல், வரும் வாரம் மீண்டும் பதிவு செய்ய இருக்கிறேன். மைக் ஸ்டாண்டின் மூன்று கால்கள் இருந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வைத்தாயிற்று.